பத்தாம் கோட்டிலிருந்து அளந்தவர்

பேட்ரிசியாவை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்ல வார்த்தைகளுக்கு நட்பு காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவர் பிறந்தது 1961-இல், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். கணவர் ஜூட் அங்கேயே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1989 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த ஜூட், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி. கைக்குழந்தை பெலிண்டாவோடு நின்ற பேட்ரிசியாவுக்கு வாரிசு வேலை கிடைத்தது. பெருக்கும் வேலையில் சேர்ந்து, பரீட்சை எழுதி, ஏழாவது வருடம் டூல் ரூமுக்குப் போனார்.

டூல் ரூமில் அவருடைய வேலை, மற்றவர்கள் அளக்கும் கருவிகளை அளப்பது. டேப், ஸ்கேல், காலிப்பர் எது தேய்ந்திருந்தாலும் அதில் சிவப்பு பெயின்ட் அடித்து ஒதுக்கிவிடுவார். பெயின்ட் அடித்ததைத் திரும்பக் கேட்டு வந்த ஒரு ஃபோர்மேனின் கைக்கடிகாரத்தின் மேலும் ஒரு கோடு இழுத்துவிட்டாராம், “இதுவும் ரெண்டு நிமிஷம் ஸ்லோ” என்று. இதை எனக்குச் சொன்னவர் கிளமென்ட். பேட்ரிசியாவோடு அதே அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். கிளமென்ட் பொய் சொல்லக்கூடியவர் அல்ல.

2021-இல் ஓய்வு பெற்றதும் பேட்ரிசியா கொள்ளிடத்தின் வடகரையில் நாணல்திட்டு என்ற சிறிய ஊருக்குக் குடிவந்தார். பெலிண்டா அங்கே பள்ளி ஆசிரியை. அவர்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் ஆண்டி என்பவரின் வாழைத்தோட்டம். தோட்டத்தைத் தாண்டினால் ஆற்றை ஒட்டி இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்மேடு. ஆடி மாதத்துக் காற்று அந்த மேட்டை மேலிருந்து அள்ளிக்கொண்டு போகும். வெள்ளம் அடியிலிருந்து அறுக்கும்.

2022 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்தபோது, அறுபட்ட மேட்டின் சுவரில் நான்கு உறைகிணறுகள் தெரிந்தன. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த பழங்காலத்துக் கிணறுகள் அவை. ஒவ்வொரு வளையமும் ஒரு உறை. ஊரார் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள், சரிந்து விழுந்திருந்த ஓர் உறையை ஒருவர் எடுத்துப்போய்க் கோழி அடைக்க வைத்துக்கொண்டார். பேட்ரிசியா அந்த வீட்டுக்குப் போய் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கோழிகளைத் திறந்துவிட்டார். உறையைச் சாக்கில் கட்டி, மகளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கி வந்துவிட்டார். அந்த வீட்டில் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

அந்த உறையை அவர் காலிப்பர் வைத்து அளந்தார். பிறகு சுவரில் தெரிந்த மற்ற உறைகளையும் அளந்தார். குறுக்களவு எழுபத்தொரு சென்டிமீட்டர். எல்லாம் அதே எழுபத்தொன்று. அரை சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தது இரண்டே உறைகள்தான்.

“எந்த ராஜா காலம், எத்தனை வருஷம், அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா செஞ்சவன் அளவு வச்சு செஞ்சிருக்கான். அவன் வேலைக்கு நான் சிவப்பு பெயின்ட் அடிக்க மாட்டேன்” என்று பெலிண்டாவிடம் சொன்னாராம். அவர் வாயிலிருந்து இன்னொருவர் வேலையைப் பற்றி வந்த ஒரே பாராட்டு அதுதான் என்று மகளே சொல்கிறார்.

இனி எனக்கும் அவருக்கும் நடந்தது. முப்பத்து மூன்று வருடம் கொள்ளிடத்தின் தென்கரையில் நீர்மட்டம் பார்த்து எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் போய், படித்துறைச் சுவரில் இருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து என் சொந்த நோட்டில் எழுதுகிறேன். 2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளம் பார்க்க வந்த பதினைந்து பேருக்கு நடுவே, கொத்தனார்கள் வைத்திருப்பது போன்ற தண்ணீர் ட்யூபோடு ஓர் அம்மாள் நின்றார். படியில் வெட்டியிருந்த பழைய அளவுக்குறியிலிருந்து பலகைக்கு மட்டம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதைப் பாத்துத்தான் எழுதுறீங்களா?”

“ஆமாம்மா. இருபத்தாறு வயசுலேருந்து எழுதுறேன்.”

“பலகை நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கு. எழுதினது பூரா தப்பு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “நீங்க யாருங்க?” என்று கேட்டேன்.

“அளக்கத் தெரிஞ்சவ” என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. மறுநாள் நானும் ஒரு ட்யூப் வாங்கிப் போய்ச் சரிபார்த்தேன். பலகை இறங்கியிருந்தது உண்மை. ஆனால் மூன்று சென்டிமீட்டர், நான்கு அல்ல. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதி வைத்தேன்.

அந்த வருடமே தொல்லியல் பிரிவில் வேலை பார்க்கும் சம்ரீன் என்ற பெண் நாணல்திட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். மேட்டைத் தோண்டி உறைகளை எடுக்க அனுமதி வேண்டுமென்றால், மேடு உண்மையிலேயே கரைகிறது, என்ன வேகத்தில் கரைகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஏப்ரலில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை, மூன்று வருடம், ஆறு படிவங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வெவ்வேறு வீட்டுக்காரர்களின் கையெழுத்து. ஆறும் ஒழுங்காக இருந்தால் தோண்டலாம். இல்லையென்றால் கொள்ளிடம் எடுத்துக்கொள்ளும்.

பேட்ரிசியா நான்கு கிணறுகளுக்கும் நேர் பின்னால், மேட்டின் உட்பக்கம், நான்கு இரும்பு முளைகளை அடித்தார். முளைக்கும் மேட்டின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தார். அடுத்த தடவை அந்தத் தூரம் எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவு மேடு போய்விட்டது என்று அர்த்தம். ஊரில் யாரும் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட முன்வரவில்லை. பொன்மலையிலிருந்து கிளமென்ட் ஸ்கூட்டரில் வந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். அந்தந்தப் பருவத்து வெள்ள அளவு மட்டும் என் நோட்டிலிருந்து போனது. அதையும் சம்ரீன்தான் வந்து வாங்கிக்கொள்வார்.

ஆண்டிக்கு இதெல்லாம் எரிச்சல். அவரைக் குறை சொல்ல முடியாது. மேடு கரையக் கரைய அடுத்தது அவர் தோட்டம்தான். மேடு ஏற்கெனவே போய்விட்ட ஓரத்தில் ஒவ்வொரு வெள்ளத்திலும் இரண்டு வரிசை வாழை ஆற்றோடு போனது. கரைக்குக் கருங்கல் பதித்துத் தரச் சொல்லி அவர் மனு கொடுத்திருந்தார். கல் பதிக்க வேண்டுமென்றால் மேட்டைச் சரித்து மட்டம் செய்ய வேண்டும், கிணறுகள் நொறுங்கிவிடும். அதனால் படிவங்கள் முடியும்வரை கல் வேலை நின்றிருந்தது.

“ரயில்வே அம்மா! பானை ஓட்டுக்கு நீங்க காவல். என் வாழைக்கு யாரு காவல்?” என்று வரப்பிலிருந்து கத்துவார்.

“உன் வாழை நேத்து வச்சது. நாளைக்கும் வைக்கலாம். முளை பக்கத்துல மாட்டைக் கட்டாத.”

“என் மாடு, எங்க வேணாலும் கட்டுவேன்.”

“கட்டு. அவுத்து விடுறதுக்கு எனக்கும் கை இருக்கு.”

இரண்டு தடவை அவிழ்த்தும் விட்டார். ஒரு தடவை மாடு பக்கத்து ஊர்வரை போய்விட்டது.

2024 ஜூலையில் கிளமென்ட் தன் மகனோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். செப்டம்பர் 28 அன்று மேட்டின் விளிம்பு சரிந்து பேட்ரிசியா கீழே விழுந்தார். வலது கால் எலும்பு முறிந்து, புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஒன்றரை மாதம் கிடந்தார். அக்டோபர் அளவு எடுக்க ஆள் இல்லை. சம்ரீன் எனக்கு போன் செய்தார்.

“சார், அஞ்சாவது ஃபார்ம். இது விட்டுப்போனா முன்னாடி நாலும் வேஸ்ட். உங்களைத் தவிர வேற யாரையும் எனக்குத் தெரியாது.”

“அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“என்ன சொன்னாங்க?”

“வேற கதி இல்லையான்னு கேட்டாங்க சார்.”

ஒப்புக்கொண்டேன். என் டேப்பை எடுத்துக்கொண்டு அக்டோபர் 19 அன்று போனேன். பெலிண்டா தன் அம்மாவின் நோட்டைக் கொடுத்து, முனையைப் பிடித்தார், கையெழுத்தும் போட்டார். நான்கு முளைகளிலிருந்தும் அளந்தேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் போன தடவை அளவு, இன்னொன்றில் இந்தத் தடவை அளவு. போன தடவை அளவை நோட்டிலிருந்து அப்படியே பார்த்து எழுதினேன். முதல் முளை ஆறு மீட்டர் ஐம்பத்திரண்டு. இந்தத் தடவை ஐந்து அறுபத்தொன்று. குறைவு தொண்ணூற்றொரு சென்டிமீட்டர். மூன்று தடவை கூட்டிக் கழித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல எனக்கென்று ஒரு நகலும் எடுத்து வைத்தேன். புத்தூர் பஸ்ஸில் அரை மணி தூரம். போய், நோட்டைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

2025 ஏப்ரலில் அவரே ஊன்றுகோலோடு போய் ஆறாவது அளவை எடுத்தார். போன தடவை அளவைச் சம்ரீன் போனில் படித்தார், கிளமென்ட் சென்னையிலிருந்து வந்து டேப்பைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். மே 20 அன்று வருவாய் அதிகாரி முன்னிலையில் விசாரணை என்று நாள் குறித்தார்கள். படிவங்களை ஏற்பதா, தள்ளிவிட்டுக் கல் பதிப்பதா என்று அன்று முடிவாகும்.

மே 13 அன்று சாயங்காலம் ஆண்டி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஃபைல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு எல்லாப் படிவங்களின் நகலையும் வாங்கியிருந்தார். இரண்டு தாள்களை என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“சார், நீங்க கணக்கா எழுதுறவரு. நீங்களே பாருங்க. நாலாவது ஃபார்ம்ல அந்தம்மா என்ன எழுதியிருக்கு? ஆறு நாப்பத்திரண்டு. அஞ்சாவது ஃபார்ம்ல அதே ஏப்ரல் மாச அளவு எத்தனை? ஆறு அம்பத்திரண்டு. ஒரே ஏப்ரல், ரெண்டு அளவு! நாலு முளையிலயும் இதே கதை.”

பார்த்தேன். நான்கிலும் சரியாகப் பத்து சென்டிமீட்டர் கூடுதல். இழப்பை அதிகமாகக் காட்ட யாரோ கைவைத்தது போலத்தான் இருந்தது. ஐந்தாவது படிவத்தில் என் கையெழுத்து.

“அஞ்சாவது நான் எழுதினதுங்க.”

“தெரியும் சார். உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அந்தம்மா நோட்டைப் பாத்துத்தானே எழுதினீங்க?”

“ஆமா.”

“அதை மட்டும் விசாரணையில சொல்லுங்க. நோட்டுல இருந்ததைத்தான் எழுதினேன்னு. அது உண்மைதானே? ஒரு பொய் வேணாம். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.” எழுந்திருக்கும்போது சிரித்தார். “பதினஞ்சு பேருக்கு முன்னால உங்களை அசிங்கப்படுத்தின ஆளு சார் அது. ஊருக்கே தெரியும்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் சொல்ல வேண்டியதிலும் பொய் இருக்காது. அவர் போன பிறகு ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். மனதுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். பத்து நிமிடம் இருந்தது.

ஆனால் கைவைக்கிற ஆள் நான்கு முளையிலும் ஒரே அளவாகவா கூட்டுவான்? அதுவும், தேய்ந்த ஸ்கேலுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தவரா? கிளமென்ட்டுக்கு போன் போட்டேன்.

“கிளமென்ட் சார், பேட்ரிசியா அம்மா எப்படி அளப்பாங்க?”

“ஏன் சார், நல்லாத்தானே அளக்கும்?”

“டேப்பை எங்க வச்சுப் பிடிப்பாங்க?”

“பத்துலதான்.”

“பத்துலன்னா?”

“டேப் முனையில ஒரு கொக்கி இருக்கும்ல சார், அது லொடலொடன்னு ஆடும். அதை நாங்க நம்ப மாட்டோம். பத்தாவது சென்டிமீட்டர் கோட்டை வச்சுப் பிடிப்போம். நோட்டுல டேப்ல பாத்ததை அப்படியே எழுதுவோம். ஃபார்ம்ல ஏத்தும்போது பத்து கழிச்சுக்குவோம். டூல் ரூம்ல எல்லாருக்கும் இது பழக்கம். ஏன், நீங்க கழிக்கலையா?”

“கழிக்கல” என்றேன்.

“அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்றார் கிளமென்ட். பிறகு அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். “ஓ” என்று நிறுத்திக்கொண்டார்.

நான் எழுதிய நோட்டுகள் என் அலமாரியில் நாற்பத்தேழு இருக்கின்றன. அவற்றில் தவறு இல்லை என்று சொல்ல மாட்டேன். பலகை விஷயம் இருக்கிறது. ஆனால் என் கையால், சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, இன்னொருவரின் மூன்று வருட வேலையைக் கெடுக்கும் தவறு அதுவரை நடந்ததில்லை. அதைச் சொன்னால் வடகரை முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால், அடுத்த வெள்ளத்துக்கு முன் மேட்டை மண் வெட்டும் இயந்திரம் சரித்துவிடும். உறைகள் போய்விடும். ஏழு நாள் இருந்தது. ஏழு நாளும் அந்தம்மாள் மேல்தான் கோபம் வந்தது. பத்தைக் கழிக்க வேண்டும் என்று நோட்டில் ஓர் இடத்திலாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா?

மே 20, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். ஆண்டி இரண்டு தாள்களையும் அதிகாரியிடம் கொடுத்து, எனக்குச் சொன்னதையே சொன்னார். சம்ரீன் இரண்டு தாள்களையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். பேட்ரிசியா ஐந்தாவது படிவத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு வரி படித்தார். தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன்.

“தப்பு என்னுடையதுங்க. அந்தம்மா நோட்டுல இருக்கிறது டேப் அளவு. அதுல பத்து கழிச்சு எழுதியிருக்கணும். நான் கழிக்கல. கேட்டுத் தெரிஞ்சுக்கவும் இல்ல. அக்டோபர்ல நான் அளந்தது சரி. போன தடவை அளவுன்னு எழுதினதுதான் தப்பு. முதல் முளையில இழப்பு எண்பத்தொண்ணு. தொண்ணூத்தொண்ணு இல்ல. மத்ததையும் திருத்தி எழுதிக் கொண்டுவந்திருக்கேன்.”

“ஏன் கேட்கலை?” என்றார் அதிகாரி.

“நாங்க பேசிக்கிறதில்லைங்க.”

அறையில் ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. “பத்திலிருந்து அளந்ததுக்கு என்ன ஆதாரம்?”

பேட்ரிசியா பையிலிருந்து தன் டேப்பை எடுத்து மேசைமேல் போட்டார். போட்ட சத்தத்தில் அதிகாரியின் டீ கிளாஸ் ஆடியது. அதிகாரி டேப்பை இழுத்துப் பார்த்தார். முதல் ஒன்பது சென்டிமீட்டரில் மஞ்சள் பெயின்ட் புதிதாக இருந்தது. பத்தாவது கோட்டில் பெயின்டே இல்லை. கட்டைவிரல் அழுத்தி அழுத்தி இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

“தேஞ்ச ஸ்கேலைக் கூட மன்னிச்சிடலாம்” என்றார் பேட்ரிசியா, யாரையும் பார்க்காமல். “கணக்கா எழுதுறேன்னு சொல்லிட்டுத் திரியிற ஆளை மன்னிக்க முடியாது.”

“அம்மா, அவர் உங்களுக்காகத்தான் பேசினார்” என்றார் அதிகாரி.

“எனக்காக ஒண்ணும் பேசல. அவரு தப்பை அவரு சொன்னாரு.”

அது சரிதான்.

ஆறு படிவங்களும் ஏற்கப்பட்டன. ஜூன் 2-இலிருந்து பன்னிரண்டு நாள் தோண்ட அனுமதி. தோண்டி முடிந்ததும் கல் பதிக்க உத்தரவு. வெளியே மரத்தடியில் ஆண்டி என்னை நிறுத்தினார்.

“உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

“ஜூன் கடைசியில உங்களுக்குக் கல்லு வந்துடும்.”

“அதுக்குள்ள தண்ணி வந்தா?”

“வழக்கமா ஜூலை ரெண்டாவது வாரத்துக்கு முன்ன வராது. என் நோட்டுல பாத்துட்டேன்.”

“உங்க நோட்டு!” என்று காறித் துப்பிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாளில் நான்கு கிணறுகளிலிருந்தும், மண்ணுக்கு அடியில் தப்பியிருந்த நாற்பத்தோர் உறைகளை முழுதாக எடுத்தார்கள். உடைந்தவை தனியாக ஒன்பது சாக்கு. பேட்ரிசியா தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு குழியின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலையாட்களைத் திட்டினார். சம்ரீனையும் திட்டினார். வெளியே வந்த ஒவ்வோர் உறையையும் லாரியில் ஏற்றும் முன் காலிப்பர் வைத்து அளந்து எழுதிக்கொண்டார். கடைசி உறை ஏறியதும் எழுந்து, நான்கு முளைகளையும் தானே பிடுங்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார் என்று பெலிண்டா சொன்னார். தண்ணீர் வருவதற்குள் ஆண்டியின் கரைக்குக் கருங்கல் வந்துவிட்டது. இருந்தும் அவர் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை.

ஜூலை 6 அன்று பெலிண்டா என் வீட்டுக்கு வந்து ஒரு பார்சல் கொடுத்தார்.

“அம்மா குடுத்துவிட்டாங்க அங்கிள். நான் உள்ள பாக்கல. திட்டியிருந்தா என்னைக் கோவிச்சுக்காதீங்க.”

உள்ளே அந்த நோட்டு. அட்டையில் சிவப்பு பெயின்ட்டில், டூல் ரூம் எழுத்தில், பெரிதாக எழுதியிருந்தது: “எல்லா அளவிலும் 10 கழிக்கவும். மடையர்களும் படிக்கலாம்.”

உள் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பத்தைக் கழித்த எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்கும். நாற்பத்தோர் உறைகளின் அளவும் கடைசியில் இருந்தது. இந்த நோட்டு தொல்லியல் பிரிவுக்குத்தான் போக வேண்டும். என்னிடம் ஏன் வந்தது என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நகல் எடுத்துக்கொண்டு அசலைச் சம்ரீனிடம் சேர்த்துவிட்டேன். ரசீது வாங்கிக்கொண்டேன்.

அன்று பெலிண்டா கிளம்பும்போது அவரிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினேன். அதில் ஒரே வரி: “7.8.2022 அன்று படித்துறைப் பலகை இறங்கியிருந்தது 3 செ.மீ. 4 அல்ல.”

இன்று ஜூலை 20. பதில் இல்லை. ஆனால் இன்று காலை ஆறு மணிக்குப் போனபோது பலகைக்குக் கீழே ஈரப் படியில் ஊன்றுகோலின் வட்டமான தடம் இருந்தது. அளவுக்குறிக்கும் பலகைக்கும் நடுவே சுவரில் மட்டம் பார்த்து இழுத்த சுண்ணாம்புக் கோடு ஒன்று புதிதாக இருந்தது. பக்கத்தில் 3 என்றோ 4 என்றோ எண் எதுவும் எழுதியிருக்கவில்லை.